பி பிளாக் பிரபஞ்சம்

அவர் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே எங்களுக்குள் போன் பேச்சு வளர்ந்துவிட்டது. பேச்சென்ன பேச்சு, எல்லாம் பல பிரபஞ்சம்தான். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகப் பிரியுமாம். நாம் விட்டதை இன்னொரு நாம் அங்கே வாழுமாம். "ஏதோ ஒண்ணுல நீங்க என்னைப் பெண் பார்க்க வர்றீங்க, நான் காபித் தட்டோட நிக்கிறேன்" என்பார். எனக்குத் தலை கிறுகிறுக்கும். அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனசே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். கடைசி நிமிஷத்தில் ஒரு கூட்டம் மூச்சிரைக்க எங்கள் ஹெப்பகோடி ஃபிளாட்டுக்குள் நுழைந்தது. கன்னடத்தில் பேசியது. அப்பாவும் கன்னடத்திலேயே உட்காரச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழர்களுக்கு இதெல்லாம் உறைக்காது, எதிராளி எதில் பேசுகிறாரோ அதிலேயே போய்க்கொண்டிருப்போம். ஜாதகத்தைப் பார்த்த அப்பா போட்டோவைச் சரியாகப் பார்க்கவில்லை. கேசரி போனது, பஜ்ஜி போனது. காபியோடு போய் நிமிர்ந்தால் சோபாவில் யாரோ ஒருத்தர்.

போன் அதிர்ந்தது. அவர் மெசேஜ். "காபி கொண்டு வந்தது உங்க தங்கச்சியா?" எனக்குத் தங்கச்சியே கிடையாது.

எங்கள் ஏ பிளாக்கும் எதிரே பி பிளாக்கும் அச்சு அசல் ஒன்று. அங்கே அதே எண்ணுள்ள ஃபிளாட்டில் ஒரு கன்னடக் குடும்பத்திலும் அன்றைக்குப் பெண் பார்க்கிறார்கள். ராகு காலத்துக்குப் பயந்து ஓடியதில் இரண்டு கூட்டமும் பிளாக் மாறிவிட்டது. அவர் வீட்டாரும் கன்னடம் பேசிக்கொண்டே பஜ்ஜியை முடித்திருக்கிறார்கள்.

சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. விஷயம் தெரிந்து ஹாலே சிரித்தது. வந்தவர்களோ ராகு காலம் முடியாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார்கள்.

அடுத்த மெசேஜில் என் சிரிப்பு நின்றது. "சகுனம் சரியில்லை, இந்த இடமே வேணாம்னு அம்மா காருக்குப் போயிட்டாங்க."

காபித் தட்டைக் கீழே வைத்தேன். காலிங் பெல் அடித்தது. வாசலில் அவர், தனியாக, வேர்த்து விறுவிறுத்து. "ராகு காலம்தான். பரவாயில்லையா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் கணக்குப்படி, எங்கோ ஓர் உலகத்தில் அவரும் அந்தக் காரில் ஏறிப் போயிருப்பார். அங்கே ஒருத்தி பட்டுப்புடவையோடு இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு சந்தோஷத்தில் இருந்தாலும் அவளை நினைத்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.