பக்கத்து சீட்டுக்காக ஒரு கிரவுன்

வார நாட்களில் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு வேலைக்கு ஓட, மாதத்தில் ஒரு ஞாயிறு கோவை ரேஸ் டிராக்கில் ஓட்ட, இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பழைய கார்தான். அதன் பின்சக்கர ஆக்சிலுக்கு எந்தக் கிரவுன் பினியன் பல்சக்கரம் போடுவது என்று ஒரு லாரிப் பட்டறையில் போய் நின்றேன். டிராக்குக்கு ஏற்றதைப் போட்டால் வளைவிலிருந்து வண்டி பாய்ந்து கிளம்பும். ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் அலறும்.

"டிராக்குக்கு ஆவறதையே போட்டுடுங்க" என்றேன்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, எம்பதுல போனாலே பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பேசறது கேக்காதுங்களே?" என்றார்.

"பக்கத்துல யாரும் இல்லீங்க."

மனைவி இறந்ததை அவ்வளவு சுருக்கமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் இரண்டுக்கும் நடுவாந்தரமான ஒன்றை மாட்டினார். "டிரையல் பாக்கோணுமுங்க" என்று தானே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, ராசிபுரம் வரை வந்தார். ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழியெல்லாம் கோழிப்பண்ணை நாற்றத்தையும் மகள் கல்யாணத்தையும்தான் பேசினார். நடுவில் ஒருமுறை, "நாஞ் சொல்றது கேக்குதுங்களா, சாமி?" என்றார்.

"கேக்குதுங்க" என்றேன், வேகத்தை எண்பதிலிருந்து குறைக்காமலே.

இப்போது டிராக்கில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். திரும்பி வரும் வழியில் காருக்குள் அவ்வளவு அமைதி. பக்கத்து சீட்டு பெல்ட்டின் கொக்கி மட்டும் எதிலோ தட்டிக்கொண்டே வருகிறது. அதை இழுத்துக் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.