மாமனார் உட்கார்ந்தால் என் பெயர் வருகிறது

இந்த ராத்திரி நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள்.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். நாத்தனார் அனுப்பும் மெயிலைப் பார்க்க மாமனார் காலையில் இன்டர்நெட் போட்டாலே, சாட் புரோகிராம் தானாக என் பெயரில் திறந்துகொள்கிறது. மஸ்கட்டில் இருக்கும் என் கணவர், நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

இன்று குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவன் என்னமோ எழுதிண்டே இருக்கான். நான் படிக்கலை. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டேன்."

ஈரக்கையோடு ஓடினேன். திரை முழுக்கக் கொஞ்சல். கடைசியில், "இருந்துண்டே பதில் சொல்ல மாட்டேங்கறியே, என் மேல கோபமா?"

எந்த வரியில் கண்ணாடியைக் கழற்றினார் என்று மாமனாரிடம் நான் கேட்கவில்லை.

உட்கார்ந்திருந்தது அப்பா என்று சொன்னால், இவர் இனி இப்படி எழுதவே மாட்டார். ஊருக்கு வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை எனக்கு இருப்பது இந்த வரிகள்தான். சொல்லாவிட்டால், கோபம் என்றே நினைப்பார். "குழந்தைக்குக் குளியல்" என்று மட்டும் அடித்தேன். நம்பினாரா, தெரியவில்லை.

புரோகிராமை மூடினாலும், அடுத்த முறை தானாக வந்து நிற்கிறது. இதை எங்கே போய் நிறுத்துவது? மாமனார் காலையில் சீக்கிரமே உட்கார்ந்துவிடுவார். தெரிந்தவர்கள் உடனே பதில் எழுதுங்கள்.