வெறும் பால் வரிசை

அந்த நாளில் காரிமங்கலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பெற்றோர் இல்லை, கலியாணமும் ஆகவில்லை. வாடகை அறையில் நானே பொங்கி நானே தின்றேன். சாப்பிட்டுச் சற்று நேரம் கழிந்ததும் மேல்வயிற்றில் நெருப்புக் கங்கு வைத்ததுபோல எரியும். ஒருநாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தேன். தலைமையாசிரியர் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.

அங்கிருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். குடல்புண்ணுக்கு எந்த வைத்தியம் கேட்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எதையும் ஒளிக்கவில்லை.

"ஜன்னல் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பாலோட வெள்ளைத் தூளும் கொடுக்கிறோம். சுவர்ப் பக்கம் வெறும் பால்தான். எது நல்லதுன்னு எனக்கே தெரியாது. சம்மதமா சார்?"

சம்மதித்தேன். சுவர்ப் பக்கம் கட்டில் கிடைத்தது.

காலையில் கஞ்சி குடிக்கவைத்து, ரப்பர் குழாயை விழுங்கச் சொல்லி, சோதனைக்காக இரைப்பை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுப்பார்கள். எதிர்க் கட்டிலில் வத்தல்மலை விவசாயி ஒருவர் இருந்தார். முதல்முறை குழாயை வெளியே எடுத்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"வவுத்துக்குள்ள சாரைப்பாம்பு பூந்த மாதிரி இருக்குதுங்க வாத்தியாரே!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

வலி அடங்கி எல்லோரும் வீடு திரும்பினோம். மலைக்காரரை அழைத்துப்போக மனைவியும் தம்பியும் வந்தார்கள். நான் தனியாகப் பஸ் பிடித்தேன்.

மாதம் ஒருமுறை வந்து காட்டும்படி டாக்டர் சொல்லியிருந்தார். முதல் மாதம் பெஞ்சு நிறைந்தது. பிறகு கூட்டம் குறைந்தது. நான் தவறாமல் போனேன். என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று ஒருவர் கேட்பாரே, அதற்காகவே போனேன்.

மலைக்காரரும் வரவில்லை. பள்ளி விடுமுறையில் நானே மலையேறி விசாரித்தேன். சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கறவன் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன்.

"அதுதான் சார் கஷ்டம். குணமானவங்க வர்றதில்ல. மோசமானவங்களால வர முடியறதில்ல. நான் யாரை வெச்சுக் கணக்குப் பார்க்கிறது?"

யுத்தம் வந்தது. ராணுவத்தில் டாக்டர்கள் தேவைப்பட்டார்கள், அவரும் கிளம்பினார். கடைசியாக நான் போன அன்று பெஞ்சில் நான் மட்டும்தான். டாக்டர் மதியம்வரை வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்.

"தூள் கேட்டுச்சா, பால் கேட்டுச்சா, வேலையில்லாம படுத்திருந்ததே போதுமா? இப்பவும் என்னால சொல்ல முடியல சார்."

"எனக்குக் குணமாச்சே."

"ஒருத்தருக்குக் குணமானா போதாதுங்களே."

பிறகு சாப்பிட அழைத்தார். அவருடைய குடியிருப்பில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு. எனக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு அவர் இலையில் தயிர்சாதம் பிசைந்தார். உண்டு முடித்ததும் அலமாரியிலிருந்து வெள்ளைத் தூளை எடுத்துத் தண்ணீரில் கலக்கி விழுங்கினார்.

"உங்களுக்குமா?" என்றேன்.

"ரொம்ப நாளா." சிரித்தார். "என்னை எந்த வரிசையில போடறதுன்னுதான் தெரியல."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிலையம்வரை கூட நடந்து வந்தார்.

அடுத்த கோடையில் வலி திரும்பியது. புது டாக்டர் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, தூளைக் கொடுத்தார். இந்தமுறை சீக்கிரமே கேட்டது. அதைத் தெரிவிக்கலாமென்று பழைய டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை.