சில்லுமூக்குக்கு வைத்த மருந்துக் குச்சி

மூக்குக்குள் முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு தொண்டைக்குள் இளஞ்சூடாக ஏதோ வழிந்து இறங்கும், துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல ஒரு ருசி வரும், அதற்குள் அம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டுவிடும், "பிள்ளைக்கு மறுபடியும் உடைஞ்சிட்டு, துண்ட எடுத்துட்டு வாங்க!" மூக்கிலிருந்து இப்படி ரத்தம் வடிவதற்கு எங்கள் சங்கரன்கோவிலில் 'சில்லுமூக்கு உடைதல்' என்று பெயர். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன ஆண்டில் என் மூக்கு உடையாத வாரம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. வெள்ளைச் சட்டைகள் எல்லாமே கழுத்தடியில் பழுப்புக் கறை ஏறிக் கிடந்தன.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். 'சூட்டு உடம்பு' என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்பு எழுதியதில் எனக்கு மாம்பழம் நின்றது, முட்டை நின்றது, வெயிலில் விளையாட்டும் நின்றது. விடிந்தால் ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை வந்தால் தலை வழிய நல்லெண்ணெய். அம்மா இவற்றையெல்லாம் செய்தாலும் உள்ளூர நம்பியது கோயில் புற்றுமண்ணைத்தான். தேள் கொட்டினாலும் சிரங்கு வந்தாலும் எங்கள் ஊரில் முதல் மருந்து அதுதானே! தண்ணீரில் குழைத்து நெற்றியில் தொடங்கி மூக்கு நுனிவரை அப்பிவிடுவாள். மத்தியானத்துக்குள் அது காய்ந்து, பொடி உதிர்ந்து மூக்குக்குள் போய் நமைக்கும்; நான் விரலை விட்டுச் சொறிவேன்; சாயங்காலம் மறுபடி உடையும். மண் போதவில்லை என்று மறுநாள் அம்மா இன்னும் கொஞ்சம் கனமாக அப்புவாள்.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கும்போதே உடைந்துவிட்டது. வழக்கப்படி என்னை பெஞ்சில் அண்ணாந்து படுக்கவைத்து, உச்சந்தலையில் தண்ணீர் தெளித்தார்கள். வெளியே வர வேண்டியதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்பா கடையிலிருந்து வந்து என்னை வீட்டுக்குத் தூக்கிப் போனதும் முற்றத்தில் கறுப்பாக வாந்தி எடுத்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரத்த ரத்தமா கக்குதாளே... எம் பிள்ளை எனக்கு இல்லாமப் போயிருவாளோ" என்று அவள் கேட்டது அப்பாவைப் பார்த்தா சாமியைப் பார்த்தா, தெரியவில்லை. அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர், எதற்கும் அவசரப்படாத மனிதர். "கைவைத்தியம் போதும். ஞாயித்துக்கிழமை டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் ஞாயிறுதோறும் திருநெல்வேலியிலிருந்து வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். வாசுதேவநல்லூர்க்காரர்களும் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களும் படிக்கட்டுவரை உட்கார்ந்திருக்க, எங்கள் முறை வந்தது. அவர் விளக்கடித்து மூக்குக்குள் பார்த்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, விழுங்கிய ரத்தம்தான் திரும்பி வந்திருக்கிறது என்றார். "மூக்கு நடுச்சுவர்ல, முன்னாலயே ஒரு சின்ன ரத்தக்குழாய் இருக்கு. அதுதான் அடிக்கடி உடையுது. மருந்து வச்சுச் சுட்டுவிட்டா அடைஞ்சிரும்."

சுடுவது என்றதும் அம்மா என்னை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பொம்பளப் பிள்ளை மூக்கு டாக்டர்! நாளைக்கு மூக்குத்தி குத்தாண்டாமா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குத்தி குத்துவது வெளிமடலில், இது உள்ளே நடுச்சுவர் என்று தன் மூக்கையே பிடித்துக் காட்டினார். பிறகு நீளத் தீக்குச்சிபோல ஒன்றை எடுத்து, இதில் நெருப்பெல்லாம் இல்லை, நுனியில் இருப்பது வெள்ளியிலிருந்து செய்த மருந்து என்றார். வெள்ளி என்றதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது, எனக்குப் பால் புகட்டிய சங்கு வெள்ளியாயிற்றே. ஆனாலும் என்னை இறக்கிவிடவில்லை. தன் இடக்கையை மேசைமேல் நீட்டினாள்.

"எம் பிள்ளைக்கு வைக்கதுக்கு மின்ன என் கையில வச்சுக் காட்டுங்க டாக்டர். எப்படி இருக்குன்னு நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவர் கோபித்திருக்கலாம், வேறு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கலாம். அந்த மனிதர் குச்சியைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் மணிக்கட்டுக்கு மேலே மெதுவாகத் தொட்டார். "ஒண்ணும் தெரியலையே" என்றாள் அம்மா. "மூக்குக்குள்ள தோல் மெலிசு. மரத்துப்போக மருந்து வச்சாலும் கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்று அவர் உள்ளதைச் சொன்னார். அம்மாவும் என்னிடம் உள்ளதைத்தான் சொன்னாள்: "லேசா எரியும் மக்கா. அம்மா புடிச்சிருக்கேன், பொறுத்துக்கிடு." பொய் சொல்லி என்னை ஏமாற்றாததற்காக அவளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். மரத்துப்போகும் பஞ்சை வைத்துச் சற்று நேரம் உட்காரவைத்தார்கள், பிறகு குச்சி உள்ளே போனது, சுருக்கென்றது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, இரண்டு தும்மல் போட்டேன். அவ்வளவுதான்.

இனி உடைந்தால் அண்ணாந்து படுக்கக்கூடாது, முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினார். கடைசியில் என் விரல்களைப் புரட்டிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் புற்றுமண். அம்மாவைப் பார்த்து, "சாமி மண்ணை நெத்தியோட நிறுத்திக்கிடுங்கம்மா, மூக்குக்கு வேண்டாம்" என்றார். கேலி துளியும் இல்லை. உடைவது நிற்காவிட்டால் வரச் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவின் கையில் தொட்ட இடம் கறுத்துவிட்டது. "மருந்து வச்சது பிள்ளைக்கா, ஒனக்கா?" என்று அப்பா வழியெல்லாம் சீண்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை என்னை எழுப்பியது அப்பா. அம்மா சுவரோரம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் கண்விழித்தது அதுதான் முதல் தடவை. "எழுப்பாதட்டி" என்றார் அப்பா, "ஒன் மூக்குல நனையுதா நனையுதான்னு விடிய விடியத் தொட்டுப் பாத்துக்கிட்டே கெடப்பா. எத்தனை நாளாச்சு அவ கண்ணசந்து! தூங்கட்டும்." அவரே எனக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

அந்த மருந்துக்கடை இப்போது இல்லை, செல்போன் கடையாகிவிட்டது, மாடிப்படியையும் இடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எப்போது வருவதை நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. நிற்காவிட்டால் வாருங்கள் என்றார், நின்றுவிட்டது, நாங்கள் போகவில்லை. போயிருக்க வேண்டும். என் அம்மா தூங்கினாள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.