ஆதாரமாக விட்டுவைத்த மேசை விளக்கு

உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக் இருக்க வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டர் மேசைக்காக ஓசூரில் நான் வாங்கிய பதினோரு வாட் சிஎஃப்எல் விளக்குக்கு இரண்டு பின்தான். தண்டைத் தொட்டதும் விரல் சுருக்கென்றது. ஜூன் இரண்டாம் தேதி கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். ஆய்வுக்கு ஆள் வரும்வரை ஆதாரத்தைக் கலைக்கக் கூடாதென்று, விளக்கை பிளக்கோடு அப்படியே விட்டுவைத்தேன்.

மறுவாரம், மகளின் மின்னஞ்சலைப் படிக்க உட்கார்ந்த என் மனைவி ஈரக்கையால் விளக்கைத் தொட்டு, நாற்காலியோடு பின்னால் விழுந்தாள். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள்.

"நான் போயிருந்தா அதுக்கும் ஒரு நகல் எடுத்து ஃபைல்ல வெச்சிருப்பீங்க," என்றாள்.

இப்போதெல்லாம் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன். பேனாவை அப்புறம்தான் எடுக்கிறேன். "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில் வந்த தேதி நவம்பர் பதினேழு.