பதினாறு மணித்தியாலம்

எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில். ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஏழாம் மாடியில் இருந்தோம். வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, டொக்டர் என்ன சொன்னார், நாளைக்குப் பனி கொட்டுமா, எல்லாவற்றையும் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துச் சொல்லுகிற பெரிய மனுஷி நான். வயது பதினொன்று. தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

அப்பப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் வருத்தம் கடுமை என்று தெரிந்ததும் அப்பா கிடைத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். தகப்பனும் மகனும் கண்டு பத்தொன்பது வருடம். அம்மா அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அப்படியே பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் மாமி, அப்பாவின் அக்கா, அங்கிருந்து அழைத்தார்.

"பிள்ளை, அப்பா வெளிக்கிட்டிட்டாரோ?"

"ஓம் மாமி, இப்பதான் பிளேன் ஏறினவர்."

"எத்தனை மணித்தியாலத்திலை வருவார்? அப்பப்பா கேட்டபடி கிடக்கிறார்."

பொறுங்கோ என்று சொல்லி, இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினேன். பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், பறக்கும் நேரம் பதினாறு மணித்தியாலம் என்று வந்தது. ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரு கோடும் போட்டிருந்தது. மாமி போனை அப்பப்பாவின் காதில் வைத்தார். அவருக்கும் சத்தமாகச் சொன்னேன். "என்ரை குஞ்சு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தக் கோட்டில் எந்த விமானமும் போவதில்லை. அப்பா நடுவில் ஓர் ஊரில் ஒன்பது மணித்தியாலம் குந்தியிருந்தார். கொழும்பில் இறங்கி வாடகை வான் பிடித்து றோட்டால் எட்டு மணித்தியாலம் போனார். எல்லாமாக முப்பத்தைந்து.

மிச்சத்தை மாமி எனக்குச் சொன்னது நான் கல்யாணம் கட்டிய பிறகு. நோவுக்கு ஊசி போட்டால் அப்பப்பா நித்திரையாகிவிடுவார், பிறகு எழும்புவாரோ தெரியாது என்றாராம் டொக்டர். "பதினாறு மணித்தியாலம்தானே, தாங்குவன். அவனைப் பாக்கவேணும்" என்று அப்பப்பா ஊசியை மறுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பதினாறு ஆனபோது முகம் வழிக்கச் சொல்லி, தலையணையில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். இருபதும் ஆனது. வந்துகொண்டிருக்கிறான் என்று மாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"என்னைப் பேய்க்காட்டாதை. பிள்ளை பொய் சொல்லாது. அவன் வெளிக்கிடேல்லை, பிள்ளையைக் கொண்டு சொல்லுவிச்சிருக்கிறான். ஊசியைப் போடச் சொல்லு."

போட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தபோது மூச்சு நின்று ஆறு மணித்தியாலம்.

மகன் தன்னைப் பார்க்க வரவில்லை என்று நம்பிக்கொண்டே அந்த மனிதர் போனார். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அப்பா மீசை எடுத்த முகத்தோடு திரும்பி வந்தார். நான் கதவடியிலேயே மறித்தேன்.

"ஏனப்பா பிந்தினீங்கள்? நான் பதினாறு எண்டெல்லோ சொன்னனான்."

சப்பாத்துக் கழற்றிக் கொண்டிருந்தவர் மற்றச் சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தபடி, "ஓமம்மா, பிளேன் பிந்திப்போச்சு" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிழை விமானத்தில்தான், என்னில் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. அதை அம்மாவுக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன்.