சம்மனசின் மஞ்சள் இறக்கை

எங்கள் வீட்டில் தொடக் கூடாத பொருள்கள் எல்லாமே நல்ல பொருள்கள்தாம். கிறிஸ்துமஸ் கேக் இருக்கும் பிஸ்கட் டின்னைத் தொடக் கூடாது. விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் பீங்கான் தட்டுகளைத் தொடக் கூடாது. அம்மாவின் செண்ட் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. ஆகவே, சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில் அப்பா ஒரு கறுப்புக் குப்பைப் பையை இறுகக் கட்டி வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொன்னபோது, ஒன்பது வயதான நான் அதைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்பா பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஏர்கோன் குளிர்காற்றுக் குழாய் மாட்டும் வேலை செய்தார். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஊர்ந்து போய், ஆள் நுழையும் அளவு பெரிய தகரக் குழாய்களுக்கு மஞ்சள் பஞ்சு சுற்றுவார். கண்ணாடியை இழை இழையாக இழுத்துச் செய்த பஞ்சு அது. அப்பா 'பைபர்' என்பார். மிச்சம் விழுந்த துண்டுகளை, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எங்கள் சமையலறையின் தகரக் கூரைக்கு அடியில் போட்டால் அம்மாவுக்கு வெக்கை குறையும் என்பது அவர் திட்டம்.

அப்பாவின் மேல் எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளையின் அப்பா லாரியிலிருந்து இறங்கியதுமே அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். என் அப்பா வேலை முடிந்து வரும்போது நான் ஓடிப் போனால், டிராபிக் போலீஸ்காரர் மாதிரி ஒரு கையை நீட்டி, "நில்லு, கிட்ட வராத" என்பார். பின்பக்கமாகப் போய்க் குளியலறைக்குள் நுழைந்தால் அரைமணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அவர் துணிகளுக்குத் தனியாக ஒரு சிவப்பு வாளி. குளித்துவிட்டு வந்து அவரே கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன். எனக்கு ரோஷம் வந்தால் லேசில் போகாது. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று அந்த வயதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்த வருடம் எங்கள் கோயிலில், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் நாடகம். இரண்டு வருடம் ஆடாக இருந்த எனக்கு வானதூதரான சம்மனசாகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. காலியான ஆட்டுப் பதவிக்கு ஐந்து வயதுத் தம்பி வந்தான். சம்மனசுக்கு நான்கு வரி வசனம். இடையர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையை மேலே தூக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் இருக்கட்டும் என்று, வகுப்பில் வேறு ஒருத்தியையும் அதே வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார், நாடகம் பழக்கிய சிஸ்டர். அவள் ஒவ்வொரு வாரமும் நான் தும்முகிறேனா என்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பாவுக்கு அன்று ஓவர்டைம். நாடகத்துக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, "பாப்போம் லா" என்றார். 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அம்மா அட்டைப் பெட்டியை வெட்டி இறக்கை செய்து, பஞ்சு ஒட்டியிருந்தார். ஒரு இறக்கையோடு பஞ்சு தீர்ந்துவிட்டது. மற்றது மொட்டையாகக் கிடந்தது. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், வீட்டில் எங்களை விட்டு, அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டியை ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மா கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கக் கோயிலுக்குப் போனார். நான் ஸ்டோருக்குப் போனேன்.

பையைத் திறந்ததும் எனக்கு மூச்சு நின்றது. தங்க நிறம்! மெத்து மெத்தென்று பஞ்சுமிட்டாய் போல் இருந்தது. இவ்வளவு அழகான பொருளை ஒளித்து வைத்திருக்கும் அப்பாவின் கஞ்சத்தனத்தை எண்ணி வருத்தப்பட்டேன். அம்மா ஒட்டிய வெள்ளைப் பஞ்சையும் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு இறக்கைக்கும் மஞ்சளாகவே ஒட்டினேன். மிச்சத்தைக் கழுத்தைச் சுற்றி மாலையாகப் போட்டுக்கொண்டேன். தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுதான். எனக்கும் மனம் இளகிவிட்டது. அவன் சட்டையைக் கழற்றி, முதுகு நிறைய ஆட்டு ரோமம் வைத்துவிட்டேன்.

முதலில் விரலிடுக்கில் ஏதோ ஊர்ந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் எங்கே இல்லை என்றுதான் கேட்க வேண்டும். தம்பி போட்ட சத்தத்தில் சீன ஆண்ட்டி ஓடி வந்து, "காசியான், காசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டுக்கொண்டே பச்சை மூடித் தைலத்தை எடுத்துத் தேய்த்தார். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. திரும்பி வந்த அம்மா, முதலில் எறும்பு என்றார்; பிறகு அம்மை என்று நினைத்துக் கலங்கினார்; கடைசியில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, வெந்நீர் ஊற்றி, துண்டால் அழுத்தித் துடைத்தார். நாங்கள் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"என்னத்த தொட்டீங்க? உண்மைய சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

இறக்கை என் கட்டிலுக்கு அடியில், துண்டு போர்த்திக் கிடந்தது. சொன்னால் இறக்கை போய்விடும். இறக்கை போனால் அந்த வசனம் மனப்பாடம் செய்தவள் வந்துவிடுவாள். எனவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொறிந்தேன். தம்பிக்கு மிட்டாய் தருவதாகச் சொல்லி அவன் வாயையும் அடைத்திருந்தேன். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டார்.

முக்கால் மணி நேரத்தில் அப்பாவின் மோட்டோர் சைக்கிள் வந்து நின்றது. அப்பா உள்ளே வரவில்லை. பின்வாசலில் நின்றபடி, தம்பியை வெயிலில் திரும்பி நிற்கச் சொன்னார். அவன் முதுகு இங்கும் அங்கும் மினுமினுத்தது.

"கறுப்புப் பைய தொறந்தியா?"

தலையாட்டினேன். அழுதுகொண்டே அவரிடம் ஓடினேன். கை நீண்டது. "நில்லு. கிட்ட வராத." அப்படியே திரும்பி, குளிக்கப் போய்விட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் பல வருடம் மன்னிக்கவில்லை. பெற்ற பிள்ளைகள் துடித்துக்கொண்டிருக்கிறோம், இந்த மனிதர் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்!

கைலியும் பனியனுமாக, தலை சொட்டச் சொட்ட வந்தார். "சொறியாதீங்க. சொறிஞ்சா இன்னும் உள்ள ஏறிக்கும்."

"நான் வெந்நி ஊத்தி நல்லா தேச்சேனே," என்றார் அம்மா பயந்து போய்.

"வெந்நி வேணாம் லா. தேய்க்கவே கூடாது."

குழாயடியில் எங்களை நிறுத்திப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டார். கை படாமல் தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு, பெட்டி ஒட்டும் டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, தோலில் மெல்ல வைத்து மெல்ல எடுத்தார். வெளிச்சத்தில் காட்டியபோது, டேப்பில் பூனை ரோமத்தைவிட மெல்லியதாக ஏதோ பளபளத்தது. எங்கே அரிக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. விரலிடுக்கு, முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டை படும் இடம் என்று அவராகவே போனார். கடைசியில் சோப்பு நுரையை வழியவிட்டுக் கழுவி, துண்டை ஒற்றி எடுத்து, ரோஸ் நிறக் கேலமைன் லோஷன் பூசினார். அவருடைய முழங்கை மடிப்பிலும் சிவப்புத் திட்டுகள் இருந்தன. கொசு கடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான் தம்பி.

"எனக்கு இதானடா கெர்ஜா. டெய்லி இதே வேலதான்."

மூன்றரை மணிக்கு அரிப்பு ஓரளவு அடங்கியது. அப்பா இறக்கைகளின்மேல் தண்ணீர் தெளித்து, கையில் பிளாஸ்டிக் பை மாட்டி, அவற்றை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டினார். என் சம்மனசு வாழ்க்கை குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்த்து நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ வேலைப் பெட்டியைத் திறந்து, குழாய் மூட்டுகளுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பை எடுத்தார். மிச்ச அட்டையில் புது இறக்கை வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் அதை ஒட்டி, என் முன்னால் பிடித்தார்.

"கோல்டு இல்ல. சில்வர் போதுமா?"

போதும் என்றேன். என் முகத்தையே அதில் பார்க்க முடிந்தது.

வசனத்தை ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னேன். முகமெல்லாம் ரோஸ் திட்டுகளோடு வந்த சம்மனசைப் பார்த்து, இடையர்கள் உண்மையாகவே பயந்தார்கள். ஆடு குடிலின் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கூட்டம் சிரித்தது. சிஸ்டர் அதை நல்ல நடிப்பு என்று பாராட்டினார். கதவோரத்தில் அப்பா நின்றிருந்தார். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. நாடகம் முடிந்ததும் எனக்கு ரோஷமெல்லாம் மறந்து போய், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். கை நீளவில்லை. இறக்கையெல்லாம் நசுங்கிச் சடசடக்க, அப்பா என்னைத் தூக்கி, எல்லாரும் கலைந்து போகும்வரை இறக்கிவிடாமல் வைத்திருந்தார். நன்றாக நடித்ததற்குப் பரிசு என்று எண்ணி, என் வாழ்க்கையிலேயே அதிக சந்தோஷமாக இருந்தேன்.

அப்பா இப்போது அந்த வேலையில் இல்லை; அவர் சட்டையில் பைபர் இழையும் இல்லை. என் மகள் அவரிடம் ஓடினால், பழக்க தோஷத்தில் அந்தக் கை கொஞ்சம் எழும்பும். பிறகு ஞாபகம் வந்து, இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொள்வார். எத்தனை சாயங்காலம் அந்தக் கையை அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு நீட்டியிருப்பார் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்பது வயதில் என் கணக்கு வேறு. பைபர் கறுப்புப் பையில் இருக்கிறது. பையைத் திறந்தவர்களுக்குத்தான் அரிக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் மோட்டோர்ச் சத்தம் கேட்டதும் ஓடினேன். கை நீண்டது. "நில்லு, கிட்ட வராத." நேற்று அவ்வளவு நன்றாக நடித்தேனே, அதற்குள் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.